ஜோடி மீனுக்குள் ஏன் சண்டை?

2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாக எங்க திருமழிசைக்கு மாற்றினார்கள். என் தோட்டத்துக் கீரைக் கட்டுகளை டி.வி.எஸ். வண்டியிலேயே கொண்டுபோய்ப் போட்ட காலம் அது. பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் பேரன் எங்களோடு தங்கியிருந்தான். பண்ணைக் குட்டையில் கெண்டை துள்ளுவதைப் பார்த்துப் பார்த்து, "எனக்கு நீமோ மீன் வேணும் தாத்தா" என்று பிடித்துக்கொண்டான். ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, கடல் உப்பு கலந்து, இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். இரண்டும் ஒரே அளவு. "நல்லா வளர்ந்த ஜோடி சார்" என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் காலையில் பார்த்தால் ஒன்று தொட்டியின் மேல் மூலையில் ஒதுங்கி நிற்கிறது. வாலும் துடுப்பும் கிழிந்து தொங்குகிறது. மத்தியானத்துக்குள் செத்துப்போச்சு. பேரன் அழவில்லை. "ஜோடின்னுதானே தாத்தா வாங்கினோம்?" என்று மட்டும் கேட்டான்.

வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்டவன் நான். மீன் வாங்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுதான். அவன் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததையும், மிச்சமிருந்த மீனை வைத்துக் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். தொட்டி மீன் வளர்க்காதவர்களும் படிக்கலாம். கோழிக் கூண்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் உதவுகிற விஷயம் இதில் இருக்கிறது.

சீனியாரிட்டி பட்டியல்

கோமாளி மீன்களில் ஏறக்குறைய 30 வகை உண்டு. கடலில் இவை அனிமோன் என்கிற கடல் சாமந்திக்குள் கூட்டமாகக் குடியிருக்கும். ஒரு சாமந்திக்கு ஒரு குடும்பம். அதில் மிகப் பெரிய மீன்தான் பெண். அடுத்த அளவில் இருப்பது ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சின்ன மீன்கள். பெரிதிலிருந்து சிறிது வரை வரிசையாக நிற்கும்.

இந்த மீன்கள் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. பெண் செத்துப்போனால் அதுவரை ஆணாக இருந்த மீன் பெண்ணாக மாறிவிடும். வரிசையில் அடுத்து நிற்கும் சின்ன மீன் ஆணாகிவிடும். எங்க வங்கி சீனியாரிட்டி பட்டியல் மாதிரிதான்: மேலே ஒரு இடம் காலியானால் கீழே எல்லாருக்கும் ஒரு படி ஏற்றம். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் தாய் மீன் செத்த பிறகு அப்பா மீன் பிள்ளையைத் தேடி அலையும். நிஜக் கடலாக இருந்தால் அந்த அப்பாவே கொஞ்ச நாளில் அம்மாவாகியிருக்கும்.

இதில் முக்கியமான ஒன்று: ஆண் பெண்ணாகலாம், பெண் மறுபடி ஆணாக முடியாது. அதனால் வளர்ந்த இரண்டு பெண் மீன்கள் ஒரே தொட்டியில் மாட்டினால் விட்டுக்கொடுக்க இரண்டுக்குமே வழி கிடையாது. ஒன்று சாகும்வரை அடி நடக்கும். நான் வாங்கிய "வளர்ந்த ஜோடி" அநேகமாக இரண்டு பெண்கள்.

பீட்டர் பஸ்டன் என்ற ஆய்வாளர் 2003-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வு இன்னும் தெளிவு தருகிறது. வரிசையில் கீழே நிற்கும் மீன்கள் தங்கள் வளர்ச்சியைத் தாங்களே அடக்கிக்கொண்டு, மேலே உள்ளதைவிட எப்போதும் ஒரு அளவு சிறியதாகவே இருக்கின்றன. அந்த இடைவெளி குறைந்தால் மேலே உள்ள மீன் அடித்து வெளியேற்றிவிடும். அதாவது அந்தக் குடும்பத்தில் அமைதி நிலவக் காரணம் பாசம் இல்லை, அளவு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு, தப்பி ஓட இடமும் கொடுக்காமல் நாம் அடைத்து வைத்தால் கொலைதான் நடக்கும்.

எது அதட்டல், எது ஆபத்து?

பெண் மீன் ஆணைச் சற்றுத் துரத்துவதும், லேசாக முட்டுவதும் அன்றாடம் நடப்பது. தாடையைச் சட்டென்று மூடிப் பல்லோடு பல் மோதவைத்து 'டக் டக்' என்று சத்தம்கூட எழுப்பும். பதிலுக்குச் சின்ன மீன் உடம்பை ஒருக்களித்து, வலிப்பு வந்த மாதிரி நடுங்கிக் காட்டும். முதலில் பார்க்கிறவர்கள் நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடுவார்கள். அது நோயில்லை. "நீதான் பெரியவ, நான் ஒத்துக்கிட்டேன்" என்று சொல்கிற முறை. இந்த நடுக்கத்தைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள், ஜோடி சேர்கிறது.

கவலைப்பட வேண்டியவை இவை:

• சின்ன மீன் தண்ணீரின் மேல்மட்டத்திலோ மூலையிலோ ஒதுங்கி நிற்பது.
• சாப்பாட்டுக்கு வராமல் இருப்பது.
• துடுப்பு கிழிவது, செதில் உதிர்வது.
• செவுள் வேகமாக அடித்துக்கொள்வது, நிறம் வெளுப்பது.
• நடுங்கிக் காட்டிய பிறகும் பெரியது நிறுத்தாமல் துரத்துவது.

இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே பிரித்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அடியில் சாகாத மீனும் பிறகு நோயில் சாகும். ஓயாத பயத்தில் இருக்கும் மீனுக்கு நோய் எதிர்ப்பு குறையும். வெள்ளைப் புள்ளி நோயும், உடம்பில் கோழை மாதிரி படலம் கட்டும் நோயும் அந்த நேரத்தில்தான் ஏறும். சத்தில்லாத மண்ணில் நிற்கும் செடியைப் பூச்சி தேடி வருகிற கதைதான்.

தண்ணீரையும் பாருங்கள்

நன்றாக இருந்த ஜோடி திடீரென்று அடித்துக்கொண்டால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

இந்த மீனுக்கு 25 முதல் 28 டிகிரி வெப்பம் ஏற்றது. சித்திரை வைகாசியில் எங்க வீட்டுத் தொட்டி 32 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மீனுக்கு மூச்சு முட்டும், எரிச்சல் கூடும். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேற்பரப்பில் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்படி ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. உப்பு ஆவியாகாமல் தொட்டியிலேயே தங்கிவிடும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற கணக்கில் உப்பு நிலையாக இருக்கணும்.

அடுத்தது அம்மோனியா. மீனின் கழிவிலும், தின்னாமல் விட்ட தீனியிலும் இருந்து உண்டாகும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும்; இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நம் வயலில் தொழுவுரம் பயிருக்குச் சத்தாக மாறுவதும் இதே வேலையால்தான். வயல் மண்ணில் உயிர் வர நாள் ஆகிற மாதிரி, புதுத் தொட்டியின் வடிகட்டியில் இந்த பாக்டீரியா குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்கு முன்னால் மீனை விட்டால் அதன் செவுள் வெந்துபோகும். என் அவசரத்தில் நான் விட்டது பத்தாம் நாள். சண்டையோடு இந்தத் தப்பும் சேர்ந்துகொண்டது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கும். மீன் வாங்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

ஒரு ஜோடிக்குச் சுமார் 100 லிட்டர் தொட்டி போதும். கடல் சாமந்தி வாங்கிப் போட வேண்டாம். அதைக் காப்பாற்றுவது மீனைக் காப்பாற்றுவதைவிடக் கஷ்டம். பண்ணையில் பிறந்த கோமாளி மீன் சாமந்தி இல்லாமலே வாழும். நன்றாக ஊறவைத்துக் கழுவிய மண் சட்டி ஒன்றைக் கவிழ்த்தோ சாய்த்தோ வையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் கற்களை அடுக்கி மறைவு உண்டாக்குங்கள். பெரிய மீனின் கண்ணில் படாமல் நிற்க சின்ன மீனுக்கு ஓர் இடம் இருந்தால் பாதிச் சண்டை அடங்கும்.

புது மீன் சேர்க்கும் முறை

செத்த மீனுக்குப் பதில் இன்னொன்று வாங்க எனக்கு மூன்று மாதம் தைரியம் வரவில்லை. இந்தத் தடவை இருந்ததில் பாதி அளவு குஞ்சாகத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோய் இல்லை, நன்றாகத் தின்கிறது என்று பார்த்த பிறகே சேர்த்தேன். சேர்த்த அன்றே பழைய மீன் துரத்த ஆரம்பித்தது. குஞ்சு நடுங்கிக் காட்டியும் விடவில்லை.

அப்போது செய்தது பலன் தந்தது. அடி வாங்கியதை எடுக்காமல், அடித்ததைப் பிடித்தேன். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவை அதே தொட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டு, பெரிய மீனை அதற்குள் ஒரு வாரம் வைத்தேன். தண்ணீர் ஒன்றுதான், ஒன்றையொன்று பார்க்கலாம், கடிக்க மட்டும் முடியாது. அந்த ஒரு வாரத்தில் குஞ்சு தொட்டியின் மூலைமுடுக்கு எல்லாம் பழகிக்கொண்டது. பெரியதுக்கு இது தன் இடம் என்ற பிடிப்பு தளர்ந்தது. எட்டாம் நாள் கற்களையும் சட்டியையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, இரண்டுக்கும் வயிறாரத் தீனி போட்டு, சாயங்காலம் விளக்கை அணைத்த பிறகு திறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை துரத்தல், ஒரு நடுக்கம். அவ்வளவுதான். பத்தாம் நாள் இரண்டும் ஒரே சட்டியில் படுத்திருந்தன.

முதல்முறை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வளர்ந்த மீனாக இரண்டு வாங்காதீர்கள். குஞ்சுகளாக, ஒன்று பெரிது ஒன்று சிறிதாக வாங்குங்கள்.
2. வெவ்வேறு வகைக் கோமாளிகளைக் கலக்காதீர்கள். ஆசிலாரிஸ், பெர்குலா வகைகள் சாது. மெரூன் வகை மூர்க்கம், புதியவர்களுக்கு வேண்டாம்.
3. கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். பண்ணை மீனே வாங்குங்கள். பவளப்பாறையும் பிழைக்கும், மீனும் பிழைக்கும்.
4. தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, தொட்டியின் இரண்டு முனைகளிலும் போடுங்கள்.
5. பெரியது ஒரு வாரத்துக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் டப்பாவில் வையுங்கள். அப்படியும் ஒத்துவராத ஜோடி உண்டு. அதை நிரந்தரமாகப் பிரிப்பதில் வெட்கமில்லை.

முட்டை வைக்கும் காலத்தில் மட்டும் கணக்கு வேறு. பெண் சட்டியில் முட்டையை ஒட்டவைக்கும். ஆண் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆண் சற்று விலகினால் பெண் முட்டித் தள்ளித் திருப்பி அனுப்பும். தொட்டியில் கை விட்டால் உங்களையும் கடிக்கும். அதைச் சண்டை என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

வருமானம் வருமா?

வங்கிக்காரன் பதில் இது: கடன் வாங்கி ஆரம்பிக்காதீர்கள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவிலேயே வாழும் செபே வகையும் அதில் உண்டு. முட்டை பொரிப்பது சுலபம். குஞ்சைப் பிழைக்க வைப்பதுதான் பாடு. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணுயிர்களை அதற்குத் தீனியாக நாமே வளர்க்க வேண்டும். ஆசை இருப்பவர்கள் முதலில் பயிற்சி எடுங்கள். உங்கள் கையில் ஒரு முட்டைத் தொகுதி பொரிந்து, குஞ்சு விற்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு லாபக் கணக்குப் போடுங்கள்.

எனக்குக் கிடைத்த லாபம் கோழிக் கூண்டில். கோழிகளுக்குள்ளும் கொத்து வரிசை இருப்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஒருவர் நூறு வருஷம் முன்பே எழுதியிருக்கிறார். முன்பெல்லாம் புதுக் கோழியைப் பகலில் கூண்டில் விட்டுவிட்டு, கொத்துப்பட்டு ரத்தம் வந்ததும் மஞ்சள் பூசுவேன். இப்போது ஒரு வாரம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வைத்து, தீவனத் தட்டை மூன்று இடத்தில் பிரித்து, ராத்திரியில் சேர்க்கிறேன். மஞ்சள் டப்பாவை எடுத்து வெகுநாள் ஆச்சு.

பேரன் இப்போது விடுமுறைக்கு மட்டும்தான் வருகிறான். வந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பான். உங்கள் பட்டியில் புது ஆடோ மாடோ சேர்க்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.