கேட்டைத் தாண்டி ஒரு நடை: முதியோர் இல்லத்தில் இருப்போர் வெளியே சென்றுவர என்னென்ன வசதிகள்?

முதியோர் இல்லம் பார்க்கப் போகும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? சாப்பாடு நல்லா இருக்குமா, டாக்டர் வருவாரா, ராத்திரி கூப்பிட்டா ஆள் இருக்குமா? எல்லாமே அவசியமான கேள்விகள்தான். ஆனால் பலரும் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு: "நினைச்ச நேரத்துல வெளியே போய்ட்டு வர முடியுமா?"

அங்கே வாழப்போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. தெருமுனைக் கடையில் தனக்குப் பிடித்த சோப்பைத் தானே பார்த்து வாங்குவது, வெள்ளிக்கிழமை கோயில், ஜும்மா தொழுகை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், நூலகத்தில் ஒரு மணி நேரம், பழைய நண்பரோடு ஒரு காபி... "என் நாளை நான்தான் முடிவு பண்றேன்" என்ற நிம்மதி இதில்தான் இருக்கிறது.

யார் அனுமதி தர வேண்டும்?

"உங்க பையன் ஒரு போன் பண்ணிச் சொல்லட்டும், அப்புறம் அனுப்புறோம்." சில இல்லங்களின் வாசலில் இப்படிச் சொல்கிறார்கள். அக்கறையில் சொல்வதாகவே இருக்கலாம். ஆனாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வயது 60 ஆனாலும் 80 ஆனாலும் அவர் வயதுவந்த குடிமகன். சட்டப்படி காப்பாளர் அமர்த்தப்பட்டிருந்தால் ஒழிய, அவருடைய முடிவுகளை எடுப்பவர் அவரேதான். நாட்டில் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. மாதக் கட்டணத்தை மகனோ மகளோ கட்டுகிறார் என்பதால் அந்த உரிமை அவர் கைக்கு மாறிவிடாது.

அதே நேரத்தில், இல்லத்துக்கும் பொறுப்பு இருக்கிறது. எங்கே போகிறார், எப்போது திரும்புவார், கையில் எந்த எண் கொண்ட போன் இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதச் சொல்வது நியாயமானது. சொல்லிவிட்டுப் போவது வேறு, கேட்டுவிட்டுப் போவது வேறு. இந்த வித்தியாசத்தை இல்லமும் குடும்பமும் புரிந்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

நினைவாற்றல் குறைந்தவர்கள் தனியாகச் செல்வது ஆபத்து, சந்தேகமே இல்லை. அவர்களுக்கும் வெளிக்காற்று வேண்டும். துணைக்கு ஓர் ஆளை அனுப்புவதுதான் வழி, அறையிலேயே உட்கார வைப்பது தீர்வாகாது.

"விழுந்துட்டா என்ன பண்றது?"

எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. ஆனால் விழுந்துவிடுவோம் என்று பயந்து நடப்பதைக் குறைத்தால் கால் தசைகள் வலு இழக்கும், உடலின் சமநிலை தடுமாறும். அப்போது விழும் வாய்ப்புதான் கூடும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கான பயிற்சிகள் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கடைவீதி வரை சற்று வேகமாக நடந்து போய்த் திரும்புவதும் இந்தக் கணக்கில் சேரும். உங்களுக்கு எவ்வளவு தூரம் சரிப்படும் என்பதை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பேருந்தில் என்ன சலுகை?

சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்த ஆண், பெண் இருவருக்கும் மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச பயண டோக்கன் தருகிறது. 2016-ல் தொடங்கிய திட்டம் இது. ஆறு மாதத்துக்கான டோக்கன்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். பணிமனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் உள்ள மையங்களில் கிடைக்கும். இருப்பிடச் சான்று, வயதுச் சான்று, பாஸ்போர்ட் அளவு வண்ணப் புகைப்படம் 2 கொண்டு போங்கள். டோக்கன் வழங்கும் தேதிகளைக் கழகம் அவ்வப்போது அறிவிக்கும், கவனித்துக்கொள்ளுங்கள்.

இருப்பிடச் சான்றில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இல்லத்துக்கு மாறிய பிறகும் ஆதாரில் பழைய ஊர் முகவரியே இருக்கும். நிரந்தரமாக இல்லத்திலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் முகவரியை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இதற்கு இல்ல நிர்வாகம் என்ன சான்று தர வேண்டும் என்பதை ஆதார் சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இன்னும் எளிது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் தமிழ்நாடு முழுவதும் கட்டணம் இல்லை. படி ஏறுவதுதான் கஷ்டம் என்பவர்களுக்காகச் சென்னையில் 2024 முதல் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-ல் அமைத்த மரப் பாதையில் சக்கர நாற்காலியிலேயே கடலருகே போகலாம்.

வீடு தேடி வரும் சேவை, தேடிப் போகும் சேவை

ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றுக்கு விரல்ரேகை பதிய இப்போது தபால்காரரே வாசலுக்கு வருகிறார். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வங்கிச் சேவைகளை வீட்டிலேயே தர ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. நடக்க இயலாதவர்களுக்கு இவை பெரிய வரம். ஆனால் "நான் பேங்குக்கே போறேன், நாலு பேரைப் பார்ப்பேன்" என்று சொல்பவரைத் தடுக்க இவற்றைக் காரணமாகக் காட்டக் கூடாது. அரசு மருத்துவமனைக்குப் போனால் மூத்த குடிமக்களுக்கான தனி வரிசையைக் கேட்டு வாங்குங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு.

கிளம்பும் முன்

• பெயர், இல்லத்தின் போன் எண், சாப்பிடும் மருந்துகள் எழுதிய சீட்டு சட்டைப்பையிலோ மணிபர்ஸிலோ இருக்கட்டும்.
• சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிடாமல் கிளம்ப வேண்டாம். கையில் ஒரு மிட்டாய், தண்ணீர் பாட்டில் அவசியம்.
• காலை, மாலை அலுவலக நேர நெரிசலையும் உச்சி வெயிலையும் தவிருங்கள்.
• வழுக்காத செருப்பு போடுங்கள். கைத்தடி பழக்கம் இருந்தால் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.
• அவசரத்துக்கு 108 அல்லது 112.

சேர்வதற்கு முன் கேளுங்கள்

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட ஓய்வுகால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்கள், சாய்தளம், கைப்பிடி, வழுக்காத தரை போன்ற வசதிகளை வலியுறுத்துகின்றன. உள்ளே இவை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே கேட்டுக்கு வெளியேயும் ஒரு பார்வை பாருங்கள். பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம்? நடைபாதை உண்டா? கடை, மருந்தகம் பக்கத்தில் இருக்கிறதா? வெளியே போய்வர நேரக் கட்டுப்பாடு உண்டா? துணைக்கு ஆள் அனுப்பத் தனிக் கட்டணமா? பதில்களை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது அங்கே இருக்கப்போகும் அம்மாவோ அப்பாவோ உங்களுடன் இருக்கட்டும்.

காரணமே இல்லாமல் வெளியே விட மறுக்கிறார்களா? முதலில் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். தீரவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம், கட்டணம் கிடையாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்திலும், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

அடுத்த முறை அம்மாவைப் பார்க்க இல்லத்துக்குப் போகும்போது பழக்கூடையோடு நிறுத்திவிடாதீர்கள். "எங்கேம்மா போலாம்?" என்று கேளுங்கள். இடத்தை அவர் சொல்லட்டும்.