துப்பாக்கி துடைக்கும் கைகளுக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது அதிகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே ரயில்வே ஊழியர் என்பதில், என் போன்ற பழைய ரயில்வேக்காரர்களுக்குத் தனிப் பெருமை. ஆனால் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சிலிருந்து திரும்பும் பிள்ளைகளின் விரல் நுனிகள் கறுத்திருப்பதையும் பார்க்கிறேன். அந்தக் கறுப்பைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அதில் காரீயம் இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு என்று தாய்மார்கள் பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். பாயிண்ட் 22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் உறையில்லாத காரீயம். தோட்டாவைப் பற்ற வைக்கும் மருந்திலும் பெரும்பாலும் காரீயக் கூட்டு உண்டு. சுட்டதும் அது நுண்ணிய தூளாகிக் குழாயிலும் போல்ட்டிலும் படிகிறது. ஏர் ரைஃபிளில் மருந்து கிடையாது. ஆனால் விரலால் எடுத்துப் போடும் பெல்லட் காரீயம்தான்.

இந்தத் தூள் நல்ல தோலின் வழியே அதிகம் உள்ளே போவதில்லை. கையிலிருந்து வாய்க்குப் போவதுதான் ஆபத்து. உள்ளே போனதில் பெரும்பங்கு எலும்பில் சேர்ந்து பல வருடங்கள் தங்கிவிடும். சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட மிக அதிகமாக அதை உறிஞ்சும். மூளை வளர்ச்சியும் கெடும். அண்ணன் கை துடைத்த துண்டு, தவழும் தம்பி கையில் கிடைக்கக் கூடாது.

நான் வேலை பார்த்த பணிமனையில், கர்டர்களுக்கு ரெட் லெட் பெயிண்ட் அடித்த கையோடு பீடி பற்ற வைப்பார்கள். அதற்கு முன் கை கழுவினால் பெட்ரோலில் கழுவுவார்கள். அந்நாளைய பெட்ரோலிலேயே காரீயச் சேர்க்கை இருந்தது. 2000-இல்தான் நம் நாட்டில் நின்றது. அந்த வகை தோல் வழியாகவே உள்ளே போகக்கூடியது!

இப்போதைய சால்வென்ட்டும் மண்ணெண்ணெயும் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். அடிக்கடி பட்டால் தோல் உலர்ந்து வெடிக்கும், அரிப்பு வரும்.

ஆகவே கையுறை வேண்டும். எந்தக் கையுறை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மெல்லிய லேடக்ஸ் கையுறை பெட்ரோலிய எண்ணெயில் உப்பிப் பலமிழக்கும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையும் பெரும்பாலும் அதே ஜாதி. துணிக் கையுறை இன்னும் மோசம். சால்வென்ட்டைக் குடித்து விரலோடு ஒட்டி நிற்கும். மருந்துக் கடையில் நைட்ரைல் கையுறை என்று கேளுங்கள். கிழிந்தால் உடனே மாற்றுங்கள். கழற்றும்போது மணிக்கட்டில் பிடித்து, உட்புறம் வெளியே வருமாறு உரித்தால் அழுக்கு உள்ளேயே அடங்கிவிடும்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று முதலில் பார்ப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றோட்டமான இடத்தில் பழைய செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள். சாப்பாட்டு மேஜை வேண்டாம். பிரஷ் குழாயை விட்டு வெளிவரும்போது கறுப்புத் துளிகள் தெறிக்கும், கண்ணாடி போடுங்கள். கையுறை போட்டிருந்தாலும் பிறகு சோப்புப் போட்டு நக இடுக்குவரை கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், காரீயத்தை எடுக்காது. அழுக்குத் துணிகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ரேஞ்ச் உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

வாரத்தில் பல நாள் சுடும் பிள்ளை என்றால், ரத்தத்தில் காரீய அளவு பார்க்க ஒரு பரிசோதனை உண்டு. டாக்டரிடம் கேட்டால் எழுதிக் கொடுப்பார்.