மலை கண்ணுக்குத் தெரிந்த பிறகு

ஒட்டன்சத்திரம் தாண்டினால் பழனிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காரைக்குடி, மதுரை, திருச்சிப் பக்கங்களிலிருந்து தைப்பூசத்துக்கு நடந்து வருகிறவர்கள் பலருக்கு இதுதான் கடைசி நாள் நடை. அதுவரை நேரத்துக்கு உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலைப் பார்த்துப் பார்த்து வந்தவர்கூட அன்றைக்கு எதையும் கண்டுகொள்வதில்லை. மோர்ப் பந்தலில் கூட்டமாக இருந்தால் நிற்காமல் போய்விடுவார். கொப்புளம் உடைந்தாலும் குனிந்து பார்க்க மாட்டார். “இதோ வந்தாச்சு” என்பதுதான் எல்லாவற்றுக்கும் பதில். உடம்புக்கோ அப்போதுதான் சோதனை ஆரம்பிக்கிறது. தார்ச்சாலை, தரிசன வரிசை, படிக்கட்டு, திரும்பும் பஸ் என நான்கும் ஒரே நாளில் வரும்.

காலையில் காலைப் பாருங்கள்

விடியுமுன் கிளம்பும் அவசரத்திலும் டார்ச் அடித்து இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும் பார்த்துவிட வேண்டும். வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொப்புளம் பெரும்பாலும் விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் குதிகாலின் ஓரத்திலும் கட்டும். சிறியதாக இருந்தால் உடைக்க வேண்டாம். மேல்தோலைப் போல நல்ல கட்டு வேறு கிடையாது. கால் ஊன்ற முடியாத அளவு பெரிதாக இருந்தால், சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிடலாம். தோலை உரிக்கக் கூடாது. மேலே சுத்தமான காஸ் துணி வைத்து ஒட்ட வேண்டும். காபித்தூள், சுண்ணாம்பு வைத்து அமுக்குவது சீழ் பிடிக்கத்தான் வழி செய்யும்.

முள்ளோ ஆணியோ ஏறியிருந்தால், கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். நினைவில்லை என்றால் வழியில் இருக்கும் முகாமிலேயே கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. தொடை உரசி எரிகிறதா? வாசலின் தடவுங்கள், தேங்காய் எண்ணெயும் போதும்.

‘ஒரு ஊசி போட்டா நடந்திடுவேன்’

பாதயாத்திரை முகாம்களில் அதிகம் கேட்கும் வாசகம் இது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் ஊசிகளும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து இருக்கும் ஆரோக்கியமானவருக்கு ஒரு மாத்திரையால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. நாள் கணக்கில் நடந்து, வியர்த்து, விரதத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்ட உடம்பில் கதை வேறு. வெளியே காட்டாமலேயே சிறுநீரகம் அடிவாங்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் காலைத் தூக்கி வைத்துப் படுப்பது மேல்.

சிறுநீரின் நிறத்தையும் கவனியுங்கள். அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. கடுங்காப்பி நிறத்தில் போனால், அளவுமீறி உழைத்த தசைகள் சிதைந்து அந்தக் கழிவு ரத்தத்தில் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்குமேல் ஓர் அடி நடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறி இது.

அதற்காகப் பச்சைத் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துத் தள்ளுவதும் சரியில்லை. ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, எலுமிச்சைச் சாறு எல்லாம் பந்தலுக்குப் பந்தல் கிடைக்கின்றன. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் உப்பின் அளவைக் கிளம்புமுன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடக்கும்போது விழாதவர் நிற்கும்போது விழுகிறார்

அவ்வளவு தூரம் நடந்து வந்தவர் தரிசன வரிசையில் பொத்தென்று சாய்வதைப் பார்த்தவர்கள் “சாமி வந்திருச்சு” என்பார்கள். பல நேரம் அது வெறும் மயக்கம். நடக்கும்போது கெண்டைச் சதை ஒரு பம்புபோல இயங்கி, காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அசையாமல் நின்றுவிட்டால் பம்பும் நின்றுவிடும். ரத்தம் காலிலேயே தேங்க, மூளைக்குப் போவது குறையும். வெயிலும் நெரிசலும் காலி வயிறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வரிசையில் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கண் இருட்டினால் கம்பியைப் பிடித்துச் சமாளிக்காமல் கீழே உட்கார்ந்துவிட வேண்டும். மயங்கியவரைத் தூக்கி நிறுத்துவதுதான் நம் ஊரில் வழக்கம், அது தவறு. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

693 படிகள்

ஏறுவது இதயத்துக்குச் சோதனை, இறங்குவது முழங்காலுக்கு. ஏறும்போது நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை வந்தால் வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காமல் 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாக வருவதும் உண்டு. படிகளுக்கு மாற்றான யானைப் பாதையின் சரிவு முழங்காலுக்குக் கொஞ்சம் இதம்தான். ஆனால் தைப்பூசக் கூட்டத்தில் ஒருவழிப் பாதை வைத்துவிட்டால் எந்த வழி என்பது நம் கையில் இல்லை. மலைக்கு இழுத்துச் செல்லும் விஞ்சு ரயிலுக்கும் நீண்ட வரிசை. முடியாதவர்கள் அடிவாரத்தில் ஓர் இரவு தங்கிக் கூட்டம் குறைந்ததும் ஏறலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

சர்க்கரை உள்ளவர்கள்

இவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். மதிய வெயிலில் தார் சுடுவது தெரியாமல் நடந்து, பாதம் முழுக்க வெந்துபோய் வருவார்கள். பாதம் மரத்துப்போனவருக்கு வெறுங்கால் வேண்டுதல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம். மண்டபத்தில் வெந்நீரில் கால் வைக்குமுன் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. நீண்ட நடைக்குப் பின் சர்க்கரை அன்று இரவு தூக்கத்தில்கூடச் சட்டென்று இறங்கலாம். வேட்டி முடிச்சில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பேரீச்சை, தேன், கற்கண்டு எல்லாம் இருக்கின்றன. பிரசாதம் என்று டப்பாவைக் காலி செய்யாமல், ஒரு விரல் நக்கினால் போதும்.

ஊர் திரும்பிய பிறகு

தொடை வலி உச்சத்துக்குப் போவது மறுநாளோ மூன்றாம் நாளோதான். இரு கால்களும் ஒரே மாதிரி வலித்தால் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை சூடாகக் கல்லுப்போல இருந்தால், எண்ணெய் தேய்த்து நீவ ஆள் தேட வேண்டாம். நீண்ட நேரம் பஸ்ஸில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்ததில் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ஸ்கேன் பார்க்க வேண்டிய விஷயம்.

காலில் புண்ணோடு சண்முகநதியில் குளித்தவர்கள் கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவிக்கொள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய நீரிலும் சேற்றிலும் இருக்கும். பாதத்து வெடிப்பு வழியே நுழைந்து, காய்ச்சலாக வெளிப்பட ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம். அதற்குள் மாலை கழற்றி, விரதம் முடித்து, நடந்ததே மறந்திருக்கும். காய்ச்சலும் கெண்டைச் சதை வலியும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால், வெறுங்காலோடு நடந்ததையும் ஆற்றில் குளித்ததையும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.