புரொஜெக்டர் பளபளக்கிறது, ரீல் புளிக்கிறது

ஃபியூஸ் போன குண்டு பல்பின் பின்பக்கத்தைப் பக்குவமாக உடைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, அப்பாவின் வேட்டியில் ‘படம்’ காட்டிய தலைமுறை எங்களுடையது. சில்லறைக் காசுக்கு வாங்கிய துண்டு பிலிம்தான். அதைத் தலைகீழாகப் பிடித்தால்தான் வேட்டியில் முகம் நேராக விழும். அசையாத முகம், ஆனாலும் இருட்டறையில் அது ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்ற நொடி இன்னும் உடம்பில் இருக்கிறது.

அதனால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய வீட்டு புரொஜெக்டர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. 1932-இல் எட்டு மில்லிமீட்டர் பிலிம் வந்த பிறகுதான் அங்கே நடுத்தரக் குடும்பம் பரவலாகத் தன்னைத் தானே படம் பிடிக்கத் தொடங்கியது. 1965-இல் சூப்பர் 8 வந்தது. கேசட் போலச் செருகினால் போதும் என்றானது. எண்பதுகளில் வீடியோ நுழைந்ததும் எல்லாம் பரணுக்குப் போயின. நம் ஊரில் இந்தப் பழக்கம் வசதி படைத்த ஒருசில வீடுகளோடு நின்றுவிட்டது.

சூப்பர் 8 புரொஜெக்டர் ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நகம் போன்ற சின்னக் கொக்கி பிலிமின் ஓட்டையில் மாட்டி, நொடிக்கு 18 முறை கீழே இழுக்கும். கடகடவென்று ஒரே சீரான சத்தம். சூடான பல்பின் வாசனை, ஒளிக்கற்றையில் மிதக்கும் தூசி. 50 அடி ரீல் மூன்று நிமிடம் இருபது விநாடியில் தீர்ந்து, அதன் வால் ‘பட் பட்’ என்று அடிக்கும். பின்னோக்கி ஓட்டினால், ஏரியில் குதித்த மாமா தண்ணீரிலிருந்து எழும்பிக் கரைக்குத் திரும்புவார். பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்பது அதைத்தான்.

பெரும்பாலும் ஒலியில்லாத படங்கள் அவை. வசனத்தை வீடே பேசியது. “அதோ பாட்டி, பக்கத்தில் நிற்பது யார் சொல்லு” என்று இருட்டில் ஒருவர் ஆரம்பித்தால் ஐந்து பேர் பதில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், புரொஜெக்டரின் மொத்தக் கவர்ச்சியும் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

என் கவலையும் அங்கேதான் தொடங்குகிறது. சேகரிப்பவர்கள் இறுகிப்போன பெல்ட்டை மாற்றுகிறார்கள், மெழுகாக உறைந்த கிரீஸைச் சுரண்டி எடுக்கிறார்கள், பல்புக்கு அலைகிறார்கள். பளபளப்பாக்கி அலமாரியில் வைக்கிறார்கள். கூடவே வந்த ரீல்கள்? யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்று ஒதுக்கப்படுகின்றன.

அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். அப்போது அசிட்டிக் அமிலம் கசியும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிப்பது அதனால்தான். அந்த அமிலமே சிதைவை மேலும் விரட்டும், பக்கத்து ரீலையும் கெடுக்கும். பிலிம் சுருங்கி நெளியும். ஓட்டைகள் இடம் தப்பிப்போவதால் புரொஜெக்டரில் ஏற்றினால் கொக்கி கிழித்துவிடும்.

கிழிவது வெறும் கல்யாணப் படம் என்று யார் சொல்ல முடியும்? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. யூட்டா மாநிலத்து டோபாஸ் முகாமில் இருந்த ஒருவர், கேமராவுக்குத் தடை இருந்தும் எட்டு மில்லிமீட்டர் பிலிமில், வண்ணத்தில், அன்றாட வாழ்வை எடுத்து வைத்தார். ‘டோபாஸ்’ என்ற அந்தப் படம் 1996-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. அதுவும் ஒரு வீட்டுப் படம்தான்.

ஸ்கேன் எடுத்து செல்போனில் வைத்துக்கொண்டால் போதாதா என்பவர்கள் உண்டு. பார்க்க வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேன் எடுத்த கையோடு மூல ரீலைக் குப்பையில் போடுவதை ஏற்க முடியாது. நாளைக்கு இன்னும் துல்லியமாக ஸ்கேன் எடுக்கும் வழி வரும்போது கையில் ரீல் இருக்க வேண்டாமா?

உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் பெட்டியிலோ ஒரு ரீல் கிடைத்தால், ஆர்வத்தில் உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். புளித்த நெடி வந்தால் மற்ற ரீல்களிலிருந்து பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைக்காமல், குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பரண் வேண்டவே வேண்டாம். கூரைச் சூடு அங்கேதான் இறங்கும். ஸ்கேன் எடுத்ததும் வீட்டிலேயே மூத்தவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு தாளில் எழுதி அந்த ரீலோடு வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள்.