கோழிக் கூடும் ஓர் அமானிதமே: குஞ்சு பொரிப்பதும் இழப்பதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வது என்ன?

அடையாற்றின் கரையில் இருக்கும் அனகாபுத்தூர் நெசவுக்குப் பேர்போன ஊர். 2021-ல் பல்லாவரம், பம்மல் ஆகியவற்றோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகிவிட்டது. அடுக்குமாடிகள் பெருகிய பிறகும் பழைய வீடுகளின் கொல்லையிலும் காலி மனைகளின் ஓரத்திலும் இங்கே இன்னும் கோழி மேய்கிறது. 2020 ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்தபோது, அவர்களுக்காகவே கோழி வாங்கிய குடும்பங்களும் உண்டு.

அப்படி வாங்கியவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. முதலில் வருவது, “ஹஜ்ரத், வீட்டுல கோழி வளர்க்கலாமா? எச்சம் பட்டா தொழுகை கூடுமா?” என்பது. சில வாரம் கழித்து வருவது வேறு: “குஞ்செல்லாம் செத்துப்போச்சு ஹஜ்ரத். புள்ள அழுதுகிட்டே இருக்கான். அவன்கிட்ட என்ன சொல்றது?”

முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதற்குப் பதில் சொல்ல, குஞ்சு எப்படிப் பிறக்கிறது, ஏன் சாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. “அல்லாஹ்வின் நாட்டம்” என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். நாட்டம் உண்மைதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்றுத்தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். கோழி வளர்ப்பில் எது நாம் கட்டவேண்டிய கயிறு, எது அல்லாஹ்விடம் விடவேண்டியது என்று பிரித்துப் பார்ப்போம்.

21 நாள்களின் அற்புதம்

நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டை வரை இட்டதும் பெரும்பாலும் அடைக்கு உட்கார்ந்துவிடும். கூட்டை விட்டு எழாது. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேரும். அதுதான் முட்டை வைக்க ஏற்ற நேரம். கூடையில் மணலோ உமியோ பரப்பி, அதன் மேல் வைக்கோல் போட்டு, கோழியின் உடலுக்கு அடங்குகிற அளவுக்கு 10 அல்லது 12 முட்டை வைத்தால் போதும். ஆசைப்பட்டு 18 வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது.

சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். ஆனால் அந்த முட்டை பொரிக்காது. கடையில் வாங்கும் பண்ணை முட்டையை அடை வைத்தால் கூமுட்டைதான் மிஞ்சும். சேவலோடு மேய்கிற கோழியின் முட்டையையே வாங்கி வையுங்கள். அதையும் குளிர்ச்சியான இடத்தில் வைத்து ஒரு வாரத்துக்குள் அடைக்கு விடவேண்டும். வெயில் காலத்தில் மூன்று நான்கு நாள்களுக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல.

அடைக்கோழி முட்டைகளை ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் காக்கிறது. கருவி விற்பவர்கள் தெர்மோஸ்டாட் வைத்துச் செய்கிற வேலையை அது வயிற்றின் தோலால் உணர்ந்தே செய்கிறது. நாளுக்குப் பலமுறை அலகால் முட்டைகளைப் புரட்டுகிறது. ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளுகிறது. தீனிக்கும் தண்ணீருக்கும் சிறிது நேரம் மட்டும் எழுந்து போய்த் திரும்புகிறது.

ஏழாம் நாள் இரவு, விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியில் முட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரு வளர்கிற முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்தி வலைபோல் விரிந்திருக்கும். நடுவில் ஒரு புள்ளி அசையும். மனிதன் படைக்கப்படும் படிநிலைகளைக் குர்ஆனில் ஓதுகிற பிள்ளைக்கு, படைப்பு என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகப் புத்தகத்தில் காட்ட முடியாது. ஒன்றும் தெரியாத முட்டைகளை அன்றே எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அழுகி உடைந்து மற்றவற்றையும் கெடுக்கும்.

இருபதாம் நாள் வாக்கில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சின் கீச்சொலி கேட்கும். அலகின் நுனியில் உள்ள சிறு முள்ளால் அது ஓட்டைக் குத்துகிறது. முதல் துளை விழுந்து முழுதாக வெளியே வர அரை நாளோ ஒரு முழு நாளோ ஆகலாம். இந்த நேரத்தில்தான் பிள்ளைகள் “பாவம், நாம உரிச்சு விடுவோம்” என்பார்கள். விடாதீர்கள். ஓட்டின் உள்தோலில் ரத்தக் குழாய்கள் இன்னும் காயாமல் இருக்கலாம். மஞ்சள் கருவின் மிச்சமும் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருக்காது. அவசரமாக உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு சாகும். உள்ளே போகும் அந்த மஞ்சள் கருதான் முதல் இரண்டு நாளுக்கு அதன் ரிஸ்க். தாய்க்கோழி மற்ற முட்டைகளும் பொரியும்வரை எழாமல் உட்கார்ந்திருக்க முடிவதும், முதலில் பொரித்த குஞ்சு அதுவரை பசியில்லாமல் இருப்பதும் இதனால்தான்.

இழப்பு எங்கிருந்து வருகிறது?

எங்கள் வீட்டில் ஒருமுறை 11 முட்டை வைத்ததில் 8 பொரித்தன. மூன்று மாதம் கழித்து நின்றவை 4. கொல்லையில் கோழி வளர்க்கும் எவரைக் கேட்டாலும் இதுபோன்ற கணக்குதான் சொல்வார்கள். இந்த இழப்புகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பறித்துச் செல்பவை. காகமும் பருந்தும் கீரியும் பகலில் வரும். பூனை, பெருச்சாளி இரவில் வரும். முதல் மாதம் குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் வைத்தால் பகல் எதிரிகள் பெரும்பாலும் தோற்றுவிடும். இரவுக்குக் கம்பி வலை போட்ட கூடு வேண்டும். வலையின் கண் விரல் நுழையாத அளவில் இருக்கட்டும். பெருச்சாளி மண்ணைத் தோண்டி வரும். ஆகவே அடியிலும் வலையோ பலகையோ தேவை.

இரண்டாவது, குளிரும் ஈரமும். குஞ்சுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் வைத்து அதுவே பார்த்துக்கொள்ளும். தாயில்லாக் குஞ்சுக்குப் பெட்டியும் குண்டு பல்பும் வேண்டும். ஆழமான தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து சாகும் குஞ்சுகளும் நிறைய. தட்டையான பாத்திரத்தில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அந்தச் சாவு இல்லை. தரை ஈரமாகவே கிடந்தால் ரத்தக் கழிச்சல் வரும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஆற்றோரத் தெருக்களை மூழ்கடித்ததை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடை வைக்காமல் தை பிறந்தபின் வைப்பதே நல்லது. மழைக்காலத்தில் கூடு தரையில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, நோய். நாட்டுக்கோழியை ஒரே வாரத்தில் கூண்டோடு அழிப்பது வெள்ளைக் கழிச்சல். 1920-களில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இதற்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து இல்லை. தடுப்பூசி மட்டுமே உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரத்தில் ஓர் ஊசி. அடுத்தது அம்மை. கொசு கடித்துப் பரவும். ஆற்றோரப் பகுதியில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. அதற்கும் தடுப்பூசி உண்டு.

பிறகு ஏன் பலரும் போடுவதில்லை? அலட்சியம் மட்டும் காரணமல்ல. தடுப்பு மருந்து 100 கோழிக்கு ஒரு குப்பி என்ற கணக்கில் வருகிறது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காக யார் குப்பியைத் திறப்பார்கள்? தனியாகப் போய்க் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். இதற்கு வழி தெருவாகச் சேர்வதுதான். பத்து வீட்டுக் கோழிகளைக் கணக்கெடுத்து, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டு, அன்று கூடையோடு போனால் வேலை முடிந்தது. கால்நடைத் துறை பிப்ரவரியில் கோழிக் கழிச்சலுக்கென இருவார முகாமும் நடத்துகிறது. முறையாகக் கற்க விரும்புவோருக்குச் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்தால் அவற்றை ஆற்றிலோ குப்பையிலோ வீசாதீர்கள். அறுத்துச் சமைக்கவும் வேண்டாம். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி, ஆழமாகப் புதையுங்கள்.

சாயம் பூசிய குஞ்சுகள்

பள்ளிக்கூட வாசலில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் பூசிய குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வைத்து விற்பார்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தின் சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, கறிக்கோழிபோல் சதையும் போடாது என்பதால், பிறந்த அன்றே பொரிப்பகத்தில் பிரித்துக் கழிக்கப்படுபவை. தாயில்லை, சூடில்லை, தடுப்பு மருந்தில்லை. சாயத்தில் நனைந்து குளிரில் விறைத்த குஞ்சை நம் பிள்ளை பத்து ரூபாய், இருபது ரூபாய் கொடுத்து வாங்கி வருகிறது. இரண்டு மூன்று நாளில் பெரும்பாலானவை செத்துவிடும்.

இது பிள்ளைக்கு மகிழ்ச்சி தருவதல்ல, சாவை விலைக்கு வாங்கிக் கொடுப்பது. பூனையை அடைத்துவைத்துத் தீனி போடாமலும், தானே தேடித் தின்ன விடாமலும் கொன்ற பெண்ணின் முடிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பாடம் இந்த அட்டைப் பெட்டிக்கும் பொருந்தும். வாங்க வேண்டாம். முன்பே வாங்கிவிட்டால், முதல் வேலையாகப் பல்பு போட்டுச் சூடு கொடுங்கள்.

அழும் பிள்ளையிடம் என்ன சொல்வது?

அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் ஒரு சிட்டுப் பறவையை வளர்த்தார். அது இறந்தபோது குழந்தை வாடியிருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், “இதற்கெல்லாமா அழுவது?” என்று கடந்து போகவில்லை. பெரியவரை அழைப்பதுபோல் புனைபெயரால் அழைத்து, அந்தப் பறவையின் பெயரைச் சொல்லியே விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் உள்ளிட்ட ஹதீஸ் நூல்களில் இந்தச் செய்தி இருக்கிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் குஞ்சுகளை எடுத்துக்கொண்டதால் தாய்ப்பறவை தவித்துச் சுற்றியபோது, குஞ்சுகளைத் திருப்பி விடச் சொன்ன செய்தியை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே அழும் பிள்ளையை அதட்ட வேண்டாம். “நாளைக்கு வேற வாங்கித் தர்றேன்” என்று வாயடைக்கவும் வேண்டாம். குஞ்சின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையோடு சேர்ந்து குழி தோண்டிப் புதையுங்கள். பிறகு உண்மையைச் சொல்லுங்கள். வலை கிழிந்திருந்ததால் கீரி வந்தது என்றால், “நாம வலையை சரி பண்ணல” என்றே சொல்லி, அன்றே இருவரும் சேர்ந்து கட்டுங்கள். எல்லாம் செய்தும் செத்தது என்றால், “நம்மால முடிஞ்சத செஞ்சோம், கொடுத்தவன் எடுத்துக்கிட்டான்” என்று சொல்லுங்கள். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் முக்கியம். எல்லாவற்றையும் விதி என்றால் பிள்ளை பொறுப்பைக் கற்காது. எல்லாவற்றையும் தவறு என்றால் பொறுமையைக் கற்காது.

அறுப்பதைப் பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். எந்தச் சேவல் பெருநாளுக்கு என்பதை மறைத்துவிட்டுப் பிறகு தட்டில் வைப்பது பிள்ளைக்குச் செய்யும் ஏமாற்று. கத்தியைக் கோழியின் கண்முன் தீட்டாமல், இன்னொன்றின் எதிரில் அறுக்காமல், கூர்மையான கத்தியால் விரைவாக அறுப்பது மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு.

சுத்தமும் அண்டை வீட்டாரும்

இனி அந்த முதல் கேள்வி. கோழி எச்சம் ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் நஜீஸ்தான். கூடு தொழுமிடத்தை விட்டுத் தள்ளி இருக்கட்டும். கூடு கழுவும் உடை தனியாக இருக்கட்டும். முட்டையை உடைக்கும் முன் ஓட்டைக் கழுவுங்கள். சாக்கடையில் மேய்ந்த கோழியைச் சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் கோழி சாப்பிட்டதைப் பார்த்ததாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது. கோழி அசுத்தம் தின்பதைப் பார்த்து ஒதுங்கிய ஒருவருக்குத்தான் அவர் அதைச் சொன்னார். இப்னு உமர் (ரலி) அவர்கள் அசுத்தம் தின்ற கோழியை மூன்று நாள் அடைத்துவைத்த பிறகே சாப்பிடுவார்கள் என்ற செய்தியும் உண்டு. மூன்று நாள் கம்பும் குறுநொய்யும் போட்டு அடைத்துவைத்து, பிறகு அறுங்கள்.

சேவல் கூவும்போது அல்லாஹ்வின் அருளைக் கேட்கச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில், இரவு ஷிப்ட் முடித்து வந்து படுப்பவரும் கைக்குழந்தைக்காரியும் பக்கத்து வீட்டில் இருப்பார்கள். முட்டை மட்டும் போதுமென்றால் சேவல் தேவையில்லை. சேவல் வேண்டுமென்றால் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பொரித்த பிறகு முதல் முட்டைகளில் இரண்டு அந்த வீட்டுக்குப் போகட்டும். தடுப்பூசிக்குக் கூடை கொண்டுபோகும் நாளில், அவர்கள் வீட்டுக் கோழியும் நம் கூடையில் வரட்டும்.