‘ஏறு’ என்பதற்கு இரண்டு ஆங்கிலம்: பயணத்தின்போது கைகொடுக்கும் சில சொற்கள்

எமது பெண்கள் பலர் இன்று வேலைக்காகவும், சிகிச்சைக்காகவும், உறவுகளைப் பார்ப்பதற்காகவும் நெடுந்தூரம் பயணிக்கின்றனர். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமான சேவை ஆரம்பமானது. கட்டுநாயக்கா ஊடாக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்லும் சகோதரிகளும் ஏராளம்.

இப்பயணங்களில் எம் காதில் விழும் ஆங்கிலம் பெரும்பாலும் சின்னஞ்சிறு சொற்களே. ஆனால் ஒரே வினைச்சொல்லோடு ‘இன்’, ‘ஒன்’, ‘ஓவ்’, ‘அப்’ என ஏதேனும் ஒன்று சேர்ந்ததும் பொருள் மாறிவிடும். அவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம்.

ஏறுவதும் இறங்குவதும்

தமிழில் எல்லா வாகனங்களுக்கும் ‘ஏறு’ என்போம். ஆங்கிலத்தில் அப்படியல்ல. பஸ், புகையிரதம், விமானம், கப்பல் ஆகியவற்றில் ஏறுவது ‘கெற் ஒன்’. கார், வான், ஓட்டோ ஆகியவற்றில் ஏறுவது ‘கெற் இன்’. எழுந்து நின்று நடக்கக்கூடிய வாகனம் என்றால் ‘ஒன்’, குனிந்து நுழைந்து உட்காருவது என்றால் ‘இன்’ என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் சரிவரும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மேலே உட்காருபவை என்பதால் அவற்றுக்கும் ‘ஒன்’தான்.

இறங்கும்போது, பஸ் என்றால் ‘கெற் ஓவ்’; கார் என்றால் ‘கெற் அவுட் ஒவ் த கார்’. நாம் வழக்கமாகச் சொல்லும் ‘கெற் டவுன்’ இலங்கையிலும் இந்தியாவிலும் விளங்கும். வெளிநாட்டவர் பலருக்கு அது புதிதாக இருக்கும். ‘கெற் அவுட்’ என்று மட்டும் சொன்னால் ‘வெளியே போ’ என அதட்டுவதாகிவிடும்.

புறப்படுவது

வீட்டிலிருந்து நாம் புறப்படுவது ‘செற் ஓவ்’. விமானம் தரையை விட்டு எழுவது ‘ரேக் ஓவ்’. இதே ‘ரேக் ஓவ்’ விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையிலும் கேட்கும். ‘ரேக் ஓவ் யுவர் ஷூஸ்’ என்றால் சப்பாத்தைக் கழற்றச் சொல்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பயணப் பொதிகளைக் கொடுத்து இருக்கை அட்டையைப் பெறுவது ‘செக் இன்’. ‘செக் அவுட்’ என்பது தங்கிய விடுதியில் கணக்குத் தீர்த்து வெளியேறுவது.

கூட்டிப் போவது யார்?

ஒருவர் வந்து எம்மை ஏற்றிச் செல்வது ‘பிக் அப்’. ஓரிடத்தில் இறக்கிவிட்டுப் போவது ‘ட்ரொப் ஓவ்’. கூடவே நின்று வழியனுப்புவது ‘சீ ஓவ்’. வேலைக்குச் செல்லும் சகோதரிகளுக்கு இவை மிக முக்கியம். ‘சம்வன் வில் பிக் யூ அப்’ என்றால் யாரோ ஒருவர் வந்து ஏற்றுவார் என்று பொருள். அந்த ‘யாரோ’ யார்? பெயர், தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம் ஆகியவற்றைப் புறப்படும் முன்பே கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். அவை பொருந்தாவிட்டால் வாகனத்தில் ஏறாதீர்கள்.

கடவுச்சீட்டு

‘ஹான்ட் ஓவர்’ என்றால் ஒப்படைப்பது. ‘ஹோல்ட் ஒன் ரு’ என்றால் விடாமல் தன்னிடமே வைத்திருப்பது. ‘கிவ் பாக்’ என்றால் திருப்பிக் கொடுப்பது. குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். பார்த்தபின் அவர் திருப்பித் தருவார். வேலை வழங்குனர் அதை வாங்கிப் பூட்டி வைப்பது வேறு விடயம். கட்டாரில் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளி எழுத்தில் கேட்டாலன்றி வேலை வழங்குனர் கடவுச்சீட்டை வைத்திருப்பதைத் தடுக்கிறது. ‘பிளீஸ் கிவ் பாக் மை பாஸ்போர்ட்’ என்ற வசனத்தைப் பாடமாக்கிக் கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் பிரதியொன்றை வீட்டிலும் வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

திரும்புவது

தமிழில் ‘போ’, ‘வா’ என்பது போலவே இங்கும் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சொல் மாறும். வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊருக்குப் போக வேண்டும் என அங்குள்ளவரிடம் சொல்வது ‘கோ பாக்’. வீட்டில் காத்திருப்பவரிடம் திரும்பி வருவேன் எனச் சொல்வது ‘கம் பாக்’. ‘சென்ட் பாக்’ என்றால் எம்மைத் திருப்பி அனுப்புவது. அது எமது விருப்பமல்ல, மற்றவரின் முடிவு.

நாளுக்கு இரண்டு சொற்களாக, பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பவர்களானால் அவர்களோடு சேர்ந்து பழகுங்கள். பிழையாகச் சொன்னாலும் வெட்கப்படாதீர்கள். தனியே பயணிக்கும் பெண்ணுக்கு, தான் எங்கே போகிறாள், யாருடன் போகிறாள் என்பதைக் கேட்டு அறியத் தெரிந்திருப்பதே முதற் பாதுகாப்பு.