உஷார்! பேய்ப் படம் எடுக்கிறீர்களா? படத்தையே பறிகொடுத்துவிடாதீர்கள்!

அம்பத்தூரில் மூடிக்கிடக்கும் ஒரு பட்டறை, ஆவடியில் ஆளில்லாத வீடு, பூந்தமல்லி தாண்டினால் பண்ணை வீடு. வாடகைக்கு கேமரா, கூட நாலு நண்பர்கள், அம்மாவின் நகையை அடகு வைத்த பணம். பேய்ப் படத்துக்குப் பெரிய ஹீரோ வேண்டாம் என்கிற நம்பிக்கையை 2012இல் கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ விதைத்தது. குறைந்த செலவில் உருவான அந்தப் படம் கன்னடத்துக்கும் இந்திக்கும் போனது. அதே கனவோடு கிளம்பும் தம்பி, தங்கைகளே, எடுத்து முடித்த பிறகும் ஆபத்து காத்திருக்கிறது!

அமெரிக்காவில் 1968இல் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜ் ரொமேரோ, பிட்ஸ்பர்க் நண்பர்களோடு சேர்ந்து எடுத்த பேய்ப் படம் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றினார். பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பு, புதிய தலைப்பில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் காப்புரிமையே போயிற்று. உலகமே பார்த்த படத்தை யார் வேண்டுமானாலும் போட்டுச் சம்பாதித்தார்கள். எடுத்தவர்களுக்கு நியாயமான பங்கு வரவில்லை.

நம் சட்டத்தில் அறிவிப்பு விடுபட்டால் உரிமை போகாது. இங்கே உரிமை போவது கையெழுத்தில். முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் அடித்த ஒப்பந்தம் வரும். "வழக்கமா எல்லாரும் போடுறதுதான் சார்" என்பார்கள். ஏழாம் பக்கத்தில் இருக்கும்: எல்லா மொழிகளிலும், எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, நிரந்தரமாக. அதில் ரீமேக், டப்பிங், சாட்டிலைட், ஓடிடி அத்தனையும் அடக்கம். சின்ன பேய்ப் படத்துக்குக் கடைசியில் காசு வருகிற வழிகளே அவைதான்!

1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுக்குத்தான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை காலாவதி. ஆனால் ஒப்பந்தத்திலேயே ‘நிரந்தரம்’, ‘உலகம் முழுக்க’ என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் காலம், எல்லை பற்றிய இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அடுத்து ரிலீஸ். டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் வரை தயாரிப்பாளர்கள் புதுப்படங்களையே நிறுத்திப் போராடினார்கள். பெரிய தயாரிப்பாளர்களையே வாட்டிய செலவு அது. பாக்கி இருந்தால் வெள்ளிக்கிழமை காலை "கே.டி.எம் இன்னும் வரலை" என்ற ஒரு வார்த்தையில் காட்சி ரத்தாகும். அந்த டிஜிட்டல் சாவி இல்லாமல் தியேட்டரில் படம் ஓடாது. மொத்தப் பணத்தையும் படப்பிடிப்பிலேயே கரைத்துவிடாதீர்கள். ரிலீஸுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள்.

சென்சாரிலும் உஷார்! ரத்தத்தை அள்ளித் தெளித்து ‘ஏ’ சான்றிதழ் வாங்கினால் அந்த வடிவத்தில் டிவியில் போட முடியாது. வெட்டி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். கருப்புப் பூனையைக் காட்டுவதாக இருந்தால்கூட விலங்கு நல வாரியத்திடம் முன்அனுமதி வேண்டும். படப்பிடிப்பு இடத்திலும் கவனம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் இருக்கின்றன. அந்தப் பக்கம் ட்ரோன் தடைப் பகுதிகளின் வரைபடம் பார்க்காமல், அனுமதி வாங்காமல் ட்ரோனைப் பறக்கவிடாதீர்கள்!

எல்லாவற்றுக்கும் மேல் உயிர். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பெரிய படத்திலேயே இந்த நிலை. செயற்கை மழை, ஈரத் தரையில் ஜெனரேட்டர் ஒயர், தூக்கமில்லாத லைட்மேன் என்று நடக்கும் உங்கள் ராத்திரி ஷூட்டிங்கில் இன்ஷூரன்ஸையும் எலக்ட்ரீஷியனையும் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். காப்புரிமை தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள். ஒவ்வொரு உரிமைக்கும் தனி விலை, தனிக் காலம், தனி எல்லை எழுதச் சொல்லுங்கள். பணம் வங்கியில் ஏறும்வரை மாஸ்டர் ஹார்ட் டிஸ்க்கைத் தராதீர்கள். படிக்க இரண்டு நாள் அவகாசம் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் உங்கள் படத்தை ஒப்படைக்கவே ஒப்படைக்காதீர்கள்!